நிறுத்தும்போது சொல்லும் பெயர்

ஆகஸ்ட் 6, 1972. ஞாயிறு

காலையில் பேருக்குத் தூறல். பத்து மணிக்கெல்லாம் வெயில். செய்ய வேண்டியவை: உமா யூனிஃபார்முக்குப் பித்தான். மாமாவின் டிரான்சிஸ்டருக்கு பேட்டரி. பெரேரா சார் எழுதிய இசைத்தாளின் மூன்றாம் பக்கம் டிரேசிங்.

மூன்றாவதுதான் முதலில் முடிந்தது. டிராயிங் ஆபீஸில் எட்டு வருஷமாக டிரேசர் வேலை. போல்ட்டும் பேரிங்கும் பழகிய கை. இதில் ஸ்வரம் இல்லை, தாளம் இல்லை. மேலே விநாடிக் கணக்கு: 15, 20, 40. கீழே கறுப்புப் பட்டை. பட்டை தடித்தால் பதினெட்டுப் பேரும் காலே அரைக்கால் ஸ்வரம் விலகி, ஒருவர்மேல் ஒருவர் ஒட்டி வாசிக்க வேண்டும். மெலிந்தால் ஒரே ஒரு ஆள்.

நான்கு மணிக்கு சிகந்திராபாத் சர்ச் ஹாலில் ஒத்திகை. மின்விசிறி ஓடக்கூடாது என்று பெ. சார் உத்தரவு. எல்லார் முதுகும் ஈரம். என் முறை வரும்போது வயலின் குதிரைக்கு அந்தப்பக்கம், தந்தி வெறுமனே இழுத்துக் கட்டியிருக்கும் இடத்தில் வில் போட வேண்டும். கதவுக்கீல் சத்தம் வருகிறது. வேலூரில் பாட்டு வாத்தியார் கேட்டால் கையிலேயே போடுவார். என்னையறியாமல் சத்தத்தை மெருகேற்றப் பார்த்தேன்.

பெ. சார் குச்சியைத் தட்டினார். கோவாக்காரர், அறுபது வயது. மதராஸ்காரர்களோடு பட்டாளத்து பாண்டில் இருந்ததால் உடைந்த தமிழ். “வசந்தா, அழகு வேண்டாம். அழகு போட்டா வெளியே அனுப்புவேன்.”

இடைவேளையில் அவரே டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னார். “சண்டை வந்தா பாண்டுக்காரனுக்கு வாத்தியம் கிடையாது. ஸ்ட்ரெச்சர். பர்மாவிலே நான் தூக்கின ஆளுங்க போட்ட சத்தம் எந்த ராகம்? ராகம் இல்லே. முப்பது வருஷமா எழுதிப் பார்க்கிறேன்.”

நான் டீயைக் குடிக்கவில்லை. ஆடை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

புழுக்கம். ஃபாக்டரி பஸ் உப்பல் கேட்டிலேயே அரை மணி நேரம் நின்றது. லோத்குண்டா சேரும்போது ஏழேகால். அவசரமாகக் கைகால் கழுவினேன்.

ஏழரைக்கு வீட்டில் யாரும் பேசக்கூடாது. எல்லைக்கு அந்தப்பக்கத்து ரேடியோவில் நம் கைதிகளின் பெயர் சொல்லும் நேரம். மாமா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ஜோலார்பேட்டைக்காரர் என்றாலும் இங்கத்திய உருது தண்ணீர்பட்ட பாடு. நோட்டுப் புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு காதை ஒட்டிவைத்து எழுதுவார். பெயர், நம்பர், தகப்பன் பெயர், ஊர். எட்டு மாதமாக ஒருநாள் தவறவில்லை. மூன்றாவது நோட்டு.

அத்தை போய் ஐந்து வருஷம். மாமாவுக்கு ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரர். பட்டாளத்தில் சிக்னல்ஸ் ஹவில்தார். டிசம்பர் யுத்தத்தில் போன் லைன் போடப் போனவர். கடிதத்தில் ஒரே வார்த்தை: காணவில்லை. இறந்ததாக எழுதவில்லை, பிடிபட்டதாகவும் எழுதவில்லை. அந்த வார்த்தைக்குள்தான் நாங்கள் மூன்று பேரும் குடியிருக்கிறோம்.

இன்று ஒரு சந்திர்பால். ஒரு சந்தர்சிங். “சந்தர்” என்ற இடத்தில் மாமாவின் பென்சில் நின்றது. என் மூச்சும்.

உமா உள்ளேயிருந்து “தாத்தா, நக்கோ, பந்த் கரோ”, வேண்டாம், நிறுத்து என்று கத்தினாள். அடித்துவிட்டேன். ஏழு வயதுப் பிள்ளையை அடித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 12, சனி

ஒத்திகை. கடைசிப் பகுதியை இன்றுதான் விளக்கினார்.

எல்லாரும் ஆளுக்கொரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு நிமிஷம். பிறகு ஒருவர் பின் ஒருவராக நிறுத்த வேண்டும். நிறுத்துகிறவர் வில்லை மடியில் வைத்துவிட்டு ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யுத்தத்தில் செத்த ஒரு ஆளின் பெயர். எந்த யுத்தமானாலும் சரி. பதினெட்டாவது ஆள் நிறுத்தியதும் முடிந்தது. கை தட்டச் சொல்லமாட்டார்.

செலோ வாசிக்கும் பார்சிப் பெண்மணி ஃப்ரேனி, தன் சித்தப்பா பெயரைச் சொன்னார். கப்பலோடு மூழ்கியவர். ஒருவர் எப்போதோ பேப்பரில் படித்த எந்த ஊர் என்றே தெரியாத ஒரு குழந்தையின் பெயரைச் சொன்னார். பட்டியல் கையிலிருந்து கைக்கு வந்தது. எங்கள் குழுவின் செகரட்டரி மூர்த்தி நிகழ்ச்சித் தாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டுமாம். என் பெயருக்கு எதிரே கோடு போட்டுக் கொடுத்தேன்.

எல்லாரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

பெ. சார்: “சொல்லணும்னு கட்டாயம் இல்லே. சும்மா நிறுத்தலாம்.”

சொல்வதென்றாலும் எப்படிச் சொல்வது? கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. படிவத்தில் எழுதுவேன், சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் உமாவைச் சொல்லச் சொல்வேன். அவரே கேலி செய்வார்: “தீப்பிடிச்சா என்னன்னுடி கத்துவ?” “ஏங்க, ஏங்கன்னுதான்.”

வீட்டுக்கு வந்தால் கதவிடுக்கில் தபால் கார்டு. தமிழ். கோணல் கையெழுத்து.

“அண்ணி அவர்களுக்கு, நான் லான்ஸ் நாயக் மரியதாஸ். அண்ணனோடு லைன் பார்ட்டியில் இருந்தவன். வடக்கேயிருந்து உங்கள் ஊர் ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு விஷயம் நேரில் சொல்ல வேண்டும். பெரியவரை அழைத்து வர வேண்டாம்.”

கடைசி வரியை நாலு தடவை படித்தேன். கார்டு வயலின் பெட்டிக்குள். மாமா கோயிலுக்குப் போயிருந்தது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. மாமா மோர் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

பெரியவரை அழைத்து வர வேண்டாம். நல்ல சேதிக்கு யார் அப்படி எழுதுவார்கள்?

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சுதந்திர தினம். லவுட் ஸ்பீக்கர் காலை ஆறிலிருந்து. இருபத்தைந்து வருஷமாம், ஊரெல்லாம் தோரணம். உமா பள்ளிக்கூடத்தில் லட்டு. மாமாவிடம் ஒத்திகை என்று சொன்னேன். வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமாவிடம் சொன்ன முதல் பொய்.

வார்டில் எல்லாக் கட்டில் கம்பியிலும் காகிதக் கொடி. மரியதாஸுக்கு இருபத்து நாலு வயதுகூட இருக்காது. திண்டிவனம் பக்கம். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மூன்றாவது ஆபரேஷனாம். கையில் இரண்டு லட்டு. ஒன்றை எனக்கு நீட்டினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணி, நான் விசாரணையில பொய் சொல்லிட்டேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கே மாறிப்போகும்.

விடிகாலை. லைன் அறுந்துவிட்டது. இருவரும் போனார்கள். மரியதாஸ் கையில் ஒயர் சுற்றிய டிரம், அவர் கையில் கட்டிங் பிளேயர். முனையைப் பிடித்து இணைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் குண்டு. அவருக்கு வயிற்றில். மரியதாஸுக்கு ஒன்றுமில்லை. துணியைத் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அடுத்தது இன்னும் கிட்டே விழுந்தது.

“ஓடிட்டேன் அண்ணி. ‘தாஸ்’னு கூப்பிட்டாரு. ரெண்டு தடவ. திரும்பல. வாய்க்கால் மேடு ஏறும்போதுதான் என் கால்ல பட்டுது. விழுந்தப்புறம் திரும்பிப் பார்த்தேன். அவரு இருந்த இடத்து மேலேயே இன்னொண்ணு. அப்புறம் அங்க ஒண்ணும் இல்ல. பள்ளம்தான்.”

“நிச்சயமாவா?”

“பகல் வெளிச்சம் வந்திருச்சு அண்ணி. பார்த்தேன்.”

விசாரணையில், இருட்டில் பிரிந்துவிட்டோம், அப்புறம் தெரியாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறான். ஓடியதைச் சொன்னால் கோர்ட் மார்ஷல் என்ற பயம். அதனால்தான் எங்கள் கடிதத்தில் அந்த ஒற்றை வார்த்தை.

நான் அழவில்லை. என்ன கேட்டேன் தெரியுமா? “சாப்பாடு ஒழுங்கா போடறாங்களா?” என்று. அவன்தான் அழுதான். பக்கத்துக் கட்டில் ஆள், வடக்கத்தியான், திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது லட்டு மடியிலேயே இருந்தது. உமாவிடம் கொடுத்தேன். ஸ்கூல் லட்டைவிடப் பெரிசு என்றாள்.

ஏழரை. மாமா நோட்டைத் திறந்தார். நான் சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு பெயர். எல்லாவற்றையும் எழுதினார்.

ஆகஸ்ட் 16, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. ஆபீஸில் ஒரு ஷீட் கெடுத்தேன். எட்டு வருஷத்தில் இரண்டாவது.

மாலையில் பக்கத்து வீட்டுப் பத்மாக்கா குங்குமச் சிமிழோடு கேட்டருகே. வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பு, வீடு வீடாக அழைப்பு. வருஷா வருஷம் எங்கள் நடைக்குள் வந்து என் நெற்றியில் வைத்துவிட்டுத்தான் போவார். இன்று கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

“வசந்தா, சுக்ரவாரம் நோமு. நுவ்வு... ஆபீஸ் உண்டுந்தி கதா? உமாவ பம்ப்பு, சரேனா?”

எனக்கு ஆபீஸ் இருக்குமாம். உமாவை அனுப்ப வேண்டுமாம். கெட்ட மனுஷி இல்லை. மஞ்சள்காமாலையில் உமாவைப் பார்த்துக்கொண்டவர். ஊர் அவர் காதில் ஏதோ போட்டிருக்கிறது.

முந்தாநாள் என்றால் சண்டை போட்டிருப்பேன். இன்று, “சரிக்கா” என்றேன். அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

மாமா ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்ததும்: “அவ கூப்பிடலன்னா இன்னா? நீ நம்ம வூட்லயே பண்ணு. எப்பவும்போல. கலசம் வெச்சு, கயிறு கட்டி. என் புள்ள வர்ற வரைக்கும் ஒண்ணும் நிக்கக்கூடாது.”

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “தேங்காய் வாங்கணும் மாமா” என்றுதான் வந்தது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இன்று நடந்தது பூராவும் எழுத வேண்டும்.

காலை நாலரைக்குத் தலைக்குக் குளித்தேன். கலசம், மாவிலை, தேங்காய்க்கு மஞ்சள். மாமா மணி அடித்தார். மஞ்சள் சரட்டை வலது மணிக்கட்டில் உமாதான் கட்டினாள், முடிச்சு போடத் தெரியாமல் மூன்று தடவை. நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டே செய்கிறேன். இதற்கு என்ன பெயர்? பொய்யா, பாவமா, பயமா? மாமாவின் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத தெளிச்சி. அதைப் பார்த்துக்கொண்டு அரை நாள் லீவும் எடுத்தேன்.

நான்கு மணிக்கு செகரட்டரி மூர்த்தியின் ஆள் சைக்கிளில் வந்து நிகழ்ச்சித் தாள் பத்து கொடுத்துவிட்டுப் போனான். நான் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உமா வாங்கிக்கொண்டாள். இப்போது எதைப் பார்த்தாலும் உரக்கப் படிக்கிற வயது. தாத்தாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். இங்கிலீஷில் பதினெட்டுப் பெயர். நான் உள்ளே வரும்போது ஒன்பதாவது.

“லேட் ஹவில்தார் ஜி. சந்திரசேகரன்.” நிறுத்தினாள். “தாத்தா, லேட் அன்டே ஏமிடி? நான்னா லேட்டுகா வஸ்தாரா?”

லேட் என்றால் என்ன, அப்பா லேட்டாக வருவாரா என்று கேட்கிறாள்.

மாமா தாளை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அவ்வளவு மெதுவாக ஒருவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

“இன்னாம்மா இது?”

“நான் குடுக்கல மாமா. நான் கோடு போட்டுத்தான்...”

“எவன் குடுத்தான் என் புள்ள பேர? எவன் போட்டான்? பாட்டு வாசிக்கிறேன்னு போய், புருஷன செத்தவன் லிஸ்ட்ல சேர்த்துட்டு வந்திருக்கியா? கைல நோன்புக் கயிறு கட்டிக்கினு!”

தாள்கள் கூடமெங்கும். உமா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தெருவில் யாரோ நின்றது தெரிந்தது.

அவர் சொன்னது எல்லாம் சரிதான் என்று தோன்றியது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

“நான் குடுக்கல. ஆனா அது பொய் இல்ல மாமா.”

உமாவைப் பத்மாக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையில் உட்கார்ந்து சொன்னேன். கார்டு, ஆஸ்பத்திரி, டிரம், பிளேயர், பள்ளம். “தாஸ்” என்று இரண்டு தடவை கூப்பிட்டதைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்வது அந்தப் பையன் பாடு.

முடிந்ததும், “செவ்வாக்கெழமையா போன?” என்றார்.

“ஆமா.”

“மூணு நாளா தெரிஞ்சிக்கினு எனக்குச் சோறு போட்டியா?”

“ஆமா மாமா.”

எழுந்து போய் முகம் கழுவினார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

ஏழரை மணி. டிரான்சிஸ்டர் மேஜையில் இருந்தது. கூடத்தில் இரண்டு பேரும் இருந்தோம். முள் ஏழு நாற்பதைத் தாண்டியது. யாரும் போடவில்லை.

ஆகஸ்ட் 19, சனி

மழை. வந்தேவிட்டது, கொட்டுகொட்டென்று.

மாமா காலையிலிருந்து பேசவில்லை. காபி எடுத்துக்கொண்டார். இட்லி வேண்டாம்.

கடைசி ஒத்திகை. போக மனமில்லை, வீட்டிலிருக்கவும் முடியவில்லை. மூர்த்தி வாசலிலேயே கையைக் கூப்பினார். “நல்லெண்ணத்தில் சேர்த்துட்டேன்மா. பெருமையா இருக்கும்னு. வேண்டாம்னா எல்லாத் தாளிலும் மை போட்டு அடிச்சுடறேன்.” இரண்டு நாளுக்கு முன் என்றால் அடியுங்கள் என்றிருப்பேன். மையால் அடித்த பெயரை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

முதல் பகுதியிலேயே அந்த இடம்: ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த ஓசை, நாற்பது விநாடி, முழுப் பலத்தோடு. இதுவரை என்னால் முடிந்ததில்லை. கை தானாக சுருதிக்குப் போகும். இன்று போகவில்லை. விரல் தந்தியின் முடிவுக்கே ஏறியது. பக்கத்திலிருந்த பையன் திரும்பிப் பார்த்தான். எனக்கு அந்த ஓசை வாய்க்கால் மேட்டிலிருந்து கேட்டது.

நாற்பது விநாடி முடிந்தும் நான் நிறுத்தவில்லையாம். பெ. சார் வந்து வில்லின்மேல் கை வைத்தார்.

“போதும். நாளைக்கு வை.”

பிறகு தனியாக: “நான் தூக்கினவங்கள்ளே பாதிப் பேர் பாதி வழியிலே போயிட்டாங்க. போனது தெரிஞ்சும் இறக்கி வைக்கலே. ஏன்னு இன்னிக்கும் தெரியலே.”

வீட்டில் மாமா நோட்டுகள் மூன்றையும் அடுக்கி நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்யப்போகிறார் என்று கேட்கவில்லை. அவராகவே: “இதுல இருக்கறதுங்க எல்லாம் உசுரோட இருக்கற புள்ளைங்க. அவங்க வூட்டுக்கு எவனாவது சொல்லியிருப்பானா? ஆளுக்கொரு கார்டு போடணும்.”

நேற்றைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலை எட்டு. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். “அந்தப் பையன் கிட்ட கூட்டிக்கினு போ.”

உமா பத்மாக்காவிடம். ரிக்‌ஷாவில் இருவரும். அவனை அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். ஃபிட்டர் கை.

மரியதாஸ் மாமாவைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தான். ஒற்றைக்கால், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மாமா தோளை அழுத்தி உட்கார வைத்தார். ஸ்டூலில் எதிரே உட்கார்ந்தார்.

“எல்லாம் கேட்டுட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. தண்ணி கேட்டானா?”

“இல்லப்பா.”

“இன்னா கேட்டான்?”

“‘லைன் வந்துச்சா’ன்னு கேட்டாரு.”

“வந்துச்சா?”

“தெரியாதுப்பா. நான் டெஸ்ட் பண்ணல. அப்பதான் ஓடினேன். ரெண்டு தடவ கூப்பிட்டாரு. ஓடிட்டேன்.”

மாமா எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். வெளியே யாரோ பக்கெட்டைப் போட்டு உருட்டினார்கள். திரும்பி வந்தவர் அவன் தலையில் கையை வைத்தார். அடிக்கவில்லை. வைத்தபடியே இருந்தார்.

“நீ நின்னிருந்தா அந்தப் பள்ளத்துல ரெண்டு பேர். திண்டிவனத்துல உங்கப்பனும் ராத்திரியானா ரேடியோ கேட்டுக்கினு குந்தியிருப்பான். ஓடி வந்ததால எனக்கு சேதி வந்துச்சு.”

அவன் அழுதான். நானும். எட்டு மாதத்தில் முதல் தடவை, ஒரு வார்டு நிறைய ஆண்பிள்ளைகளுக்கு நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

வெளியில் வந்ததும் மாமா சொன்னார். “சாயங்காலம் கச்சேரிக்கு நானும் வரேன்.”

“அது கச்சேரி மாதிரி இருக்காது மாமா. வெறும் சத்தம்.”

“ஒர்க்‌ஷாப்ல முப்பத்தாறு வருஷம் இருந்தவன் கிட்ட சத்தத்தப் பத்தி சொல்றியா.”

ஆறரை மணி. ஹாலில் நூறு பேர் இருக்கலாம். பட்டாளத்து ஆபீசர்கள் சிலர் மனைவியரோடு. மாமா உமாவோடு நாலாவது வரிசை ஓரம். என் மணிக்கட்டில் மஞ்சள் சரடு, அவிழ்க்கவில்லை. வில் பிடிக்கும் கை.

தொடங்கிய ஒரு நிமிஷத்தில் பின்னால் சிரிப்பு. வில்லின் கட்டையால் தந்தியைத் தட்டும் இடத்தில் ஒரு குடும்பமே எழுந்து போயிற்று. “க்யா தமாஷா ஹை யே”, என்ன கூத்து இது என்று ஒரு குரல். பெ. சார் ஸ்டாப் வாட்சை விட்டுக் கண் எடுக்கவில்லை. நாற்பது விநாடி ஓசை வந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆபீசர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பகுதி. ஃப்ரேனி நிறுத்தினார், சொன்னார். அடுத்தவர். அடுத்தவர். ஒவ்வொரு பெயருக்கும் ஓசை ஓர் ஆள் அளவுக்கு மெலிந்தது. எட்டாவது ஆள் நிறுத்தினார். என் முறை.

வில்லை மடியில் வைத்தேன். ஒன்பதாவது பெயருக்கு எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது, பெயர் வாயில் வரவில்லை. மற்ற ஒன்பது பேர் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். விநாடி போகிறது. நிமிர்ந்தேன். மாமா என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தார், லைனில் நிற்கிற ஆளுக்கு உத்தரவு கொடுப்பதுபோல.

“சந்திரசேகரன்.”

என் குரல்தானா என்று தெரியவில்லை. கணீரென்று வந்தது. அந்தப் பெயர் எவ்வளவு நீளம்.

பிறகு பத்தாவது, பதினொன்றாவது. யாருடைய பெயரும் என் காதில் ஏறவில்லை. பதினெட்டாவது ஆளும் நிறுத்தியபின் பெ. சாரே ஒரு பெயர் சொன்னார். யார் என்று யாருக்கும் தெரியாது. கைதட்டல் இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் வர ரொம்ப நேரமாயிற்று.

வெளியே மழைச்சேறு. உமா என் விரலைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டாள், அபூர்வமாகத் தமிழில்: “அம்மா, அப்பா வரமாட்டாரா?”

“வரமாட்டாருடா.”

பஸ் ஸ்டாப்பு வரை மாமா அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழு வயதுப் பெண்ணை.

ஆகஸ்ட் 21, திங்கள்

தலைவலி. கண்ணாடி முன் நின்றேன். சாந்துப் புட்டி கையில். கூடத்திலிருந்து மாமாவின் குரல், இங்கே பார்க்காமலே: “உன் நெத்தி, உன் இஷ்டம். கேக்கறவங்கள என் கிட்ட அனுப்பு.”

வைத்துக்கொண்டு போனேன். நாளைக்கு எப்படியோ, தெரியாது.

கேட்டருகே பத்மாக்கா நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் போய்விடும் என்று நான்தான் கையை விடுவித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய். காலை

ஆறு மணி. வானம் வெளுத்திருக்கிறது. மாமா கார்டு எழுதுகிறார். இதுவரை நான்கு.

நேற்று மாலை மரியதாஸ் வந்தான். கக்கத்தில் கட்டை, கூட ஒரு வார்டு ஆள். சட்டைப்பையில் மடித்த இரண்டு தாள். புது வாக்குமூலம். மாமா வாங்கவில்லை. “வேணாம்டா தம்பி. உன்ன உள்ள தள்ளிடுவானுங்க. எங்களுக்குத் தெரிஞ்சா போதும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சா போதாதுப்பா. பேப்பர்ல காணோம்னே இருக்கு. அண்ணன் காணாம போகல.”

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். நான் தாளை வாங்கினேன்.

தமிழில் எழுதியிருக்கிறான். பட்டாளத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு இங்கிலீஷ் வேண்டும். விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாக்கியம்: நான் முன்பு கொடுத்த வாக்குமூலம் பொய், நான் ஓடிவிட்டேன். அதை மாற்றாமல் எழுதிவிட்டேன். மற்றது கஷ்டமில்லை. எல்லா இடத்திலும் “அண்ணன்” என்றே போட்டிருக்கிறான். அண்ணன் ஒயரைப் பிடித்தார், அண்ணன் விழுந்தார், அண்ணன் கூப்பிட்டார். அந்த இடங்களில் எல்லாம் நம்பர், ரேங்க், பெயர் வர வேண்டும். எண்ணினேன். பதினோரு இடம்.

ஆறு இடம் முடித்திருக்கிறேன். மை காயவில்லை. தெருமுனையில் ஃபாக்டரி பஸ் ஹாரன்.